நாற்பது சென்டிமீட்டர்

மூன்றாவது வாரம் என்னோடு ஒருத்தியை அனுப்பினார்கள்.
தலைக்கவசம் அவளுக்கு ஒரு சுற்றுப் பெரிது.
டார்ச் இல்லை, ரசமட்டம் இல்லை,
விரிசலின் அகலம் பார்க்கும் அட்டை இல்லை.
"நீங்கள் எதைச் சோதிப்பீர்கள்?" என்றேன்.
"நீங்கள் சுவரைப் பாருங்கள்" என்றாள் ஒர்னெல்லா,
"சுவரைப் பார்க்கிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்."
வாயாடி என்று நினைத்தேன்.
அன்று மதியம்வரை அவள் வேறெதுவும் பேசவில்லை.

அப்பென்னைன் மலையின் இடுப்பில் மொந்தேசால்வோ.
தேவாலயத்து மணி தரையில், வாய் கவிழ்ந்து.
பாரத்தில் என் வேலை ஓர் எழுத்து.
ஆ என்று எழுதினால் ஆகும்.
எ என்று எழுதினால் ஆகாது,
சாவியை வாங்கிக்கொண்டு சிவப்பு நாடா கட்டுவோம்.
காலையில் மட்டும் பதினோரு எ.
கசாப்புக்கடைக்காரர் ஒருவர் என் பேனாவைப் பிடுங்கினார்.
ஒர்னெல்லா அவர் கையைப் பிடிக்கவில்லை.
பக்கத்தில் போய் நின்றாள்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் பக்கத்தில் நிற்பதுபோல.
கொஞ்ச நேரத்தில் அவரே பேனாவை மூடித் தந்தார்.

பன்னிரண்டாவது வீடு எர்சிலியாவுடையது.
பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.
மஞ்சள் பஸ்ஸை வாசலுக்கு எதிரே நிறுத்தி
அதிலேயே பத்தொன்பது இரவுகள்.
தட்டிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன்,
பரணில் ஏறி உத்தரத்தை முகர்ந்தே பார்த்தேன்.
மயிரிழை விரிசல்கூட இல்லை.
வெகுநாள் கழித்து ஓர் ஆ!
லாட்டரி விழுந்தவன்போல ஓடிவந்து சொன்னேன்:
"இன்றிரவே உள்ளே படுக்கலாம்."
அவள் நன்றி சொன்னாள்,
பஸ்ஸில் ஏறிக் கதவை மூடிக்கொண்டாள்.
காற்றில் இயங்கும் கதவு அது,
மூடும்போது பெருமூச்சு விடும்.

எனக்குக் கோபம்.
வீடு இடிந்தவர்கள் உள்ளே போக அழுகிறார்கள்,
இடியாத வீட்டுக்காரி தெருவில் கிடக்கிறாள்.
கணக்கைக் காட்டலாமென்று தாளைப் புரட்டினேன்.
ஒர்னெல்லா பஸ்ஸின் சன்னலைத் தட்டி
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"அன்று ராத்திரி வீடு என்ன செய்தது?"

வெகு நேரம்.
பிறகு:
"முனகியது.
முதலில் கோப்பைகள், அப்புறம் கூரை.
போய்விடு என்று சொன்னது."

ஒர்னெல்லா என் பக்கம் திரும்பினாள்.
"இஞ்சினியர், முனகியது எது?"

இருபத்தாறு வருடத்தில்
யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.
எழுத்தை விட்டுவிட்டுச் சொன்னேன்:
அது செஸ்ட்நட் மரத்து உத்தரம்.
சுவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடாமல்
குறுக்கே இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறது.
மரம் கொஞ்சம் கொடுக்கும், கொஞ்சம் வாங்கும்.
அப்போது முனகும்.
முனகத் தெரியாத வீடுகளைத்தான்
கீழ்த்தெருவில் லாரியில் அள்ளிக்கொண்டிருக்கிறோம்.

கடைசி வாக்கியம் அதிகம் என்று
சொன்ன பிறகுதான் உறைத்தது.
ஒர்னெல்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் எர்சிலியா இறங்கினாள்.
வாசற்படிவரை வந்தாள்.
மிரண்ட குதிரையின் கழுத்தில் வைப்பதுபோல
நிலைக்கட்டையில் உள்ளங்கையை வைத்தாள்.
பிறகு எட்டியமட்டும் எட்டி
கொக்கியில் தொங்கிய காபிக் கெண்டியை எடுத்தாள்.
கால் உள்ளே போகவில்லை.
மூவரும் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து
கசக்கக் கசக்கக் குடித்தோம்.
சர்க்கரை உள்ளே இருந்தது.

அன்றிரவு மூன்றே காலுக்கு மறுபடி ஓர் அதிர்வு.
சின்னதுதான், கூடாரத்து விளக்கு மட்டும் ஆடியது.
வெளியே ஒர்னெல்லாவின் குரல்:
"ஷூவோடுதானே தூங்குகிறீர்கள்?"
அவளுக்கு எப்படித் தெரியும்?
"எத்தனை நாளாய்?"
வாயைத் திறந்தேன்.
ஆ என்று மட்டும் வந்தது.
கொட்டாவியா சான்றிதழா என்று அவள் கேட்கவில்லை.
துணிக்கு அந்தப் பக்கம்
மடக்கு நாற்காலி ஒன்று விரியும் சத்தம்.

காலையில் அதே தெரு.
பஸ் இடம் மாறியிருந்தது.
நேற்றைய டயர் தடம் புழுதியில் அழியாமல் கிடந்தது.
தொழில் புத்தி, டேப்பை இழுத்து அளந்தேன்.
வாசலை நோக்கி நாற்பது சென்டிமீட்டர்.
பாரத்தில் அதற்குக் கட்டம் கிடையாது,
ஓரத்தில் எழுதிவைத்தேன்.
ஒர்னெல்லா அந்த ஓரத்தை மட்டும்
செல்போனில் படமெடுத்துக்கொண்டாள்.